கோலாலம்பூருக்குப் போக ஹாங்காங் வழியா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு பதிப்பில் பந்திங்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். பால்மரமும் செம்பனையும் நின்ற இடத்தில் தரவு மையம் எழும்புகிறது, தண்ணீரையும் மின்சாரத்தையும் அது குடிக்கிறது, தோட்டத்து மக்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்டிருந்தார். போன வாரம் இன்னொருவர் அதற்குப் பதில் எழுதினார். தரவு மையங்களில் வாடகைக்குக் கிடைக்கும் கணினியான கிளவுட் நம் மலேசியாவுக்கே வந்துவிட்டதாம், இனி எல்லாம் மின்னல் வேகமாம், பழம்பஞ்சாங்கம் பேசக்கூடாதாம். முதலாமவர் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டாமவர் பதிலில்தான் ஒரு ஓட்டை இருக்கிறது: கிளவுட் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, நம் தரவு அங்கே நேராகப் போகவும் வேண்டும். அந்த ஓட்டையை அடைப்பதுதான் 21 வருடமாக எனக்குச் சோறு போடுகிறது. அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு தோட்டத்தின் இரண்டாம் டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். அப்பா பால் எடுக்க மரம் வெட்டினார், அம்மா மருந்தடிக்கப் போனார். இப்போது நான் டவுன் பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கிறேன். ஈப்போவில் ரப்பர் பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை. கோயிலில் யாராவது கேட்டால் அம்மா, “ஒயர் வேலை” என்பார். திருத்த முயன்று விட்டுவிட்டேன். யோசித்தால் அவர் சொல்வதுதான் சரி.

எங்கள் தாமானின் முன்வரிசைக் கடைவீட்டில் லாரி கம்பெனி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஏழு லாரி. தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகிற தொழில். ஒவ்வொரு நடைக்கும் ஆலையில் ஒரு எடைச்சீட்டு கொடுப்பார்கள். அண்ணி அதைப் பார்த்துக் கணினியில் பதிவார். பல வருடம் அந்தக் கணக்கு கடையிலிருந்த பழைய கணினியில்தான் கிடந்தது. போன வருடம் கணக்கர் வந்து, எல்லாவற்றையும் கிளவுட்டுக்கு மாற்றிவிட்டார். சர்வர் வெளிநாட்டில் இல்லை, கோலாலம்பூர் பக்கத்திலேயே இருக்கிறது என்றும் உறுதி சொன்னார். மாற்றிய நாளிலிருந்து ஒரு பில் திறக்க இருபது விநாடி.

“தங்கச்சி, நீ கொஞ்சம் வந்து பாரேன்,” என்றார் அண்ணன் ஒரு சனிக்கிழமை. “பில்லைத் தட்டிவிட்டுட்டு நான் போய் தே தாரிக் வாங்கிட்டு வந்துடலாம் போல இருக்கு லா. இத்தனைக்கும் 500 எம்பிபிஎஸ் பேக்கேஜ்!”

ஒரே நேரத்தில் எவ்வளவு தரவு போகலாம் என்பதுதான் அந்த 500, அது ரோட்டின் அகலம், நீளம் இல்லை அண்ணே என்றேன். அவருக்குப் புரியவில்லை. அண்ணிக்குப் புரிந்தது.

அதற்குள் விற்பனைக்காரர் ஒருவர் வந்துபோயிருந்தார். கிளவுட்டுக்கு நேராகத் தனிப்பாதை போட்டுத் தருகிறேன், மாதம் 2,600 வெள்ளி (ரிங்கிட்), வேறு யாரும் அந்த ரோட்டில் வரமாட்டார்கள் என்று சொல்லி, பளபளப்பான தாளில் மேகமும் அம்புக்குறியும் வரைந்து கொடுத்திருந்தார். அண்ணன் கையெழுத்துப் போடும் மனநிலையில் இருந்தார். ஏழு லாரிக்கு டயர் மாற்றுகிற மனிதருக்கு 2,600 வெள்ளி என்றால் என்னவென்று அண்ணியின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் செய்தது சின்ன வேலை. ட்ரேஸ்ரூட் என்று ஒரு கட்டளை பெரும்பாலான கணினிகளில் இருக்கிறது. இங்கிருந்து கிளம்பும் தரவுப் பொட்டலம் வழியில் எந்தெந்த ரூட்டரை (வழி திருப்பிவிடும் பெட்டி) தொட்டுப் போகிறது, ஒவ்வொன்றுக்கும் போய்வர எத்தனை மில்லிவிநாடி (விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வரி வரியாகக் காட்டும். ரூட்டர்களுக்குப் பெயர் வைப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் விமான நிலையத்தின் மூன்றெழுத்தைச் சேர்த்துவிடுவார்கள். கோலாலம்பூர் என்றால் கே.யு.எல்., சிங்கப்பூர் என்றால் எஸ்.ஐ.என். அண்ணனின் கணினியில் முதல் வரி கடை மோடம். அடுத்த மூன்றும் அண்ணனுக்கு இணையம் தரும் சேவை நிறுவனம். ஐந்தாவது வரியில் கே.யு.எல்., 8 மில்லிவிநாடி. ஆகா, வந்துவிட்டோம் என்று நினைத்தேன். ஆறாவது வரியில் எச்.கே.ஜி., 47. ஏழாவதும் எச்.கே.ஜி. எட்டாவது வரியில் மறுபடி கே.யு.எல்., 93.

“எச்.கே.ஜி.ன்னா?” என்றார் அண்ணி.

ஹாங்காங்.

லிந்தாங்கிலிருந்து வந்த எடைச்சீட்டு சுங்கை சிப்புட்டில் பதிவாகி, கோலாலம்பூர் வரை போய், அங்கிருந்து கடல் தாண்டி ஹாங்காங் போய், திரும்பவும் கோலாலம்பூருக்கு வருகிறது. ஈப்போவுக்குப் பஸ் ஏறியவரைப் பினாங்கு வழியாகக் கொண்டுபோனால்கூடப் பரவாயில்லை என்பேன். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் ஓடும். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் 230 கிலோமீட்டர் போல. ஒருவழிக்கு 1 மில்லிவிநாடிக்குச் சற்றே கூடுதல்தான் ஆக வேண்டும். வழியிலுள்ள வளைவுக்கும் ரூட்டர்களுக்கும் சேர்த்துப் போய்வர 8, 9 என்றால் ஒத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கு மென்பொருள் ஒரு பில்லைத் திறக்க இருநூறு தடவை கேட்டுக் கேட்டுப் பதில் வாங்குகிறது, ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்துதான் அடுத்ததைக் கேட்கிறது. அது எழுதியவரின் பாவம், வேறு கதை. இருநூறை 93 மில்லிவிநாடியால் பெருக்கினால் 18 விநாடி தாண்டுகிறது. 9ஆல் பெருக்கினால் 2 விநாடிகூட இல்லை. 500 எம்பிபிஎஸ்ஸை 1,000 ஆக்கினாலும் அந்த 18 குறையாது.

இதற்கு ஏன் ஹாங்காங் போக வேண்டும்? இங்கேதான் பியரிங் வருகிறது. எங்கள் தோட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் இரண்டாம் டிவிஷனுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவே முள்கம்பி வேலி ஒன்று இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில் மேளச்சத்தம் இங்கே லயத்தில் கேட்கும். ஆனால் திருவிழாவுக்குப் போக வேண்டுமானால் தோட்டத்துச் செம்மண் சாலையில் பெரிய ரோட்டுக்கு வந்து, டவுனுக்குப் போய், அங்கே வாடகை வண்டி பிடித்து, மறுபடி அந்தத் தோட்டத்துக்குள் போக வேண்டும். ஒன்பது மைல். ஒரு வருடம் இரண்டு பக்கத்துக் கிராணிமாரும் (தோட்டத்து எழுத்தர்கள்) பேசி, மேலாளர்களான இரண்டு துரைமாரிடமும் அனுமதி வாங்கி, வேலியில் ஒரு கேட் வைத்தார்கள். அவரவர் பக்கத்து ஒற்றையடிப் பாதையை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் யாருக்கும் காசு தர வேண்டாம். பியரிங் என்பது அந்தக் கேட். வாடகை வண்டிதான் டிரான்ஸிட்: காசு கொடுத்தால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடுவான், ஆனால் அவன் போகிற வழியில்தான் போவான்.

நாற்பது தோட்டம் இருந்தால் ஒவ்வொருவரும் முப்பத்தொன்பது கேட் வைக்க முடியாது. எல்லோரும் ஒரு பொதுத் திடலுக்கு ஆளுக்கொரு பாதை போட்டுக்கொண்டால் போதும், அங்கே யாரும் யாரையும் பார்க்கலாம். அந்தத் திடலுக்குப் பெயர் இணையப் பரிமாற்ற மையம். நம் நாட்டில் 2006இல் மைஐஎக்ஸ் என்ற பெயரில், லாப நோக்கமில்லாமல் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் ஒரே நாட்டில் இரண்டு சேவை நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதுகூட வெளிநாடு சுற்றி வருவதுண்டு. அந்தக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். கூட்டுறவு என்றால் என்னவென்று சுங்கை சிப்புட்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அமைச்சராக இருந்த துன் சம்பந்தனின் தொகுதியாக இருந்தது இது. அவர் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டம் தோட்டமாகப் பங்குப் பணம் சேர்த்ததை எங்கள் தாத்தா சொல்லிச் சொல்லிக் காதே புளித்திருக்கிறது.

பெரிய கிளவுட் நிறுவனங்கள் இப்படிப் பியரிங் செய்ய ஆயத்தமாகவே இருக்கின்றன. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் உலக அளவில் ஒரு எண் உண்டு. அமேசானுக்கு 16509, மைக்ரோசாப்டுக்கு 8075, கூகளுக்கு 15169. எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில், எந்தத் திடலில் நிற்கிறோம் என்று பொதுவில் போட்டிருக்கிறார்கள். நீங்களும் உங்கள் எண்ணோடு போய்க் கேட்கலாம். ஆனால் சொந்த எண்ணும், குறைந்தது 256 முகவரி கொண்ட சொந்தத் தொகுதியும் கையில் இருக்க வேண்டும். லாரிக்கார அண்ணனிடம் அது இருக்காது, இருக்கவும் தேவையில்லை. அவருடைய சேவை நிறுவனம் அவருக்காகச் செய்ய வேண்டிய வேலை அது. மாதாமாதம் வாங்கும் 139 வெள்ளியில் அதுவும் அடக்கம்.

ஆகவே சேவை நிறுவனத்துக்கு அண்ணன் பெயரில் புகார் கொடுத்தேன். பெயர் வேண்டாம், யாராக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். முதல் தடவை மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். இரண்டாம் தடவையும் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். மூன்றாம் தடவை ட்ரேஸ்ரூட்டின் எட்டு வரியையும் படமெடுத்து அனுப்பி, எச்.கே.ஜி.யைச் சிவப்பில் வட்டமிட்டேன். இரவு பத்து மணிக்கு ஒரு பையன் கூப்பிட்டான். உண்மையான பொறியாளன், குரலிலேயே தெரிந்துவிடும்.

“அக்கா, நீங்க லைன்ல வேலை செய்றவங்களா?”

“ஆமாப்பா. உங்களுக்குக் கேஎல்-ல அந்தக் கிளவுட்காரங்களோட பியரிங் இல்லையா?”

கொஞ்சம் தயங்கினான். “இருக்கு அக்கா. எப்பவோ போட்டாச்சு.”

கேட் இருக்கிறது. யாரும் அதன் வழியாகப் போகவில்லை. ஏன் தெரியுமா? நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று பாதை சொல்லிக்கொள்ளும் மொழிக்குப் பிஜிபி என்று பெயர். 1989இல் அமெரிக்காவில் ஒரு கூட்டத்துக்குப் போன இரண்டு பொறியாளர்கள் சாப்பாட்டு மேசையில் கைதுடைக்கும் தாளில் வரைந்தது. இன்றைக்கும் உலக இணையம் அதில்தான் ஓடுகிறது. அந்தப் பிஜிபிக்குக் கிலோமீட்டர் தெரியாது. ஒரே இடத்துக்கு இரண்டு பாதை வந்தால், நெட்வொர்க்கின் முதலாளி எதற்குக் கூடுதல் மதிப்பெண் போட்டிருக்கிறார் என்றுதான் முதலில் பார்க்கும். மதிப்பெண் சமமாக இருந்தால்தான் எத்தனை நெட்வொர்க் தாண்ட வேண்டும் என்று எண்ணும். ஹாங்காங் கடல் தாண்டி இருக்கிறது, கோலாலம்பூர் பக்கத்தில் இருக்கிறது என்பது அதன் கணக்கிலேயே வராது. அண்ணனின் சேவை நிறுவனத்தார் ஹாங்காங் டிரான்ஸிட்காரரிடம் மாதத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தப் பணம் கட்ட வேண்டும். கட்டுகிறோமே, அதிலேயே ஓடட்டும் என்று யாரோ ஒருவர் அந்தப் பாதைக்கு 200 போட்டு, பியரிங் பாதையை 100இல் விட்டுவிட்டார். ஒப்பந்தம் முடிந்தும் எண் அப்படியே நின்றுவிட்டது.

“மாத்திடலாமாப்பா?”

“மேலதிகாரிகிட்டக் கேட்கணும் அக்கா. நைட் விண்டோல, ஆள் குறைவா இருக்கிற நேரத்துல செய்வோம்.”

ஒன்பது நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில் அண்ணி கூப்பிட்டார். பில் உடனே திறக்கிறதாம், கெட்டுப்போய்விட்டதா என்று பயந்துவிட்டாராம். போய்ப் பார்த்தேன். ஐந்தாவது வரி கே.யு.எல்., 8. ஆறாவது வரி கிளவுட்டின் சொந்த ரூட்டர், 9. அவ்வளவுதான், ஆறே வரி. அண்ணன் தே தாரிக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை.

விற்பனைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. தனிப்பாதை என்பது உண்மையான சரக்குதான். அமேசான் அதை டைரக்ட் கனெக்ட் என்கிறது, மைக்ரோசாப்ட் எக்ஸ்பிரஸ்ரூட் என்கிறது, கூகள் இன்டர்கனெக்ட் என்கிறது. இடைத்தரகர் மூலம் 50 எம்பிபிஎஸ்ஸிலிருந்து வாங்கலாம். சொந்தமாகப் போர்ட் (கம்பி செருகும் வாய்) வேண்டுமென்றால் அமேசானில் 1 கிகாபிட், கூகளில் 10 கிகாபிட்டிலிருந்து தொடக்கம். எங்கள் கம்பெனிக்கு அது தேவைப்பட்டது. மூன்று ஆலையின் இயந்திரங்களும் கிடங்கும் ஒரே நேரத்தில் பேசுகின்றன. அந்தப் பாதையைக் கட்டியவள் நான்தான். கட்டின கதையையும் சொல்கிறேன். கையெழுத்துப் போட நினைப்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் காசு. கிளவுட்காரர் போர்ட்டுக்கு மணிக்கணக்கில் வாங்குவது சின்னத் தொகை. தரவு வெளியே வருவதற்குத் தனிக் கட்டணம். அந்தத் தரவு மையக் கட்டடத்துக்குள் நம் அலமாரியிலிருந்து அவர்கள் அலமாரிக்குப் போகும் சில மீட்டர் கம்பிக்கு மாத வாடகை; கிராஸ் கனெக்ட் என்பார்கள். எல்லாவற்றையும்விடப் பணத்தை விழுங்குவது ஈப்போவிலிருந்து, கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கு வரையிலான வாடகை ஃபைபர். பளபளப்புத் தாளில் அம்புக்குறி ஒன்றுதான் இருக்கும். பில்லில் நான்கு வரி இருக்கும்.

கிளவுட்காரர் ஒரு அங்கீகாரக் கடிதம் தருவார். எந்த அறை, எந்த அலமாரி, எத்தனையாவது போர்ட் என்று அதில் இருக்கும். அதைக் காட்டினால்தான் கட்டடத்துக்காரர் கம்பி இழுப்பார். நாள் கடந்தால் கடிதம் செல்லாது. எங்கள் கணக்குப் பிரிவில் அது மூன்று வாரம் தூங்கியது. கம்பி இழுத்த அன்று நான் அதிகாலை பஸ் பிடித்துப் போய் அங்கே நின்றேன். போர்ட்டைச் செருகியாயிற்று, வெளிச்சம் வரவில்லை. ரூட்டர் உள்வரும் ஒளியின் அளவு கழித்தல் 40 என்று காட்டியது. அதற்கு அர்த்தம் இருட்டு. ஃபைபர் இரண்டு இழையாக வரும், ஒன்றில் அனுப்பு, ஒன்றில் வாங்கு. இரண்டு பக்கமும் அனுப்புகிற இழையிலேயே அனுப்பினால் வாய் வாயைப் பார்த்துப் பேசி, காது காதைப் பார்த்துக் கேட்கிற கதைதான். அங்கிருந்த டெக்னீஷியன், நம் சித்தியவான் பையன், ஒன்றும் பேசாமல் அந்த நீலத் தலையைக் கழற்றி இரண்டு முனையையும் இடம் மாற்றிச் செருகினான். கழித்தல் 7. பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பத்து விநாடி வேலைக்காக நான் 230 கிலோமீட்டர் போயிருந்தேன்.

பச்சை விளக்கு எரிந்தால் முடிந்துவிடாது. அதன் மேல் பிஜிபி பேச வேண்டும். பிஜிபி ஆறு நிலை தாண்டி ஏறும். அதில் ஒன்றின் பெயர் ஆக்டிவ். எங்கள் மேலாளர் திரையில் அதைப் பார்த்துவிட்டு, “ஆக்டிவ் ஆயிடுச்சே!” என்று கைகுலுக்கினார். ஆக்டிவ் என்றால் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது, யாரும் திறக்கவில்லை என்று பொருள். கடைசி நிலை எஸ்டாப்ளிஷ்ட் என்று வந்தால்தான் நட்பு கூடியது. இந்தப் பெயரை வைத்தவர் எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறாரோ! எண்கள் சரி, முகவரி சரி. இரண்டு நாள் தேடினேன். இரு பக்கமும் ஒரு ரகசியச் சொல்லை ஒத்துப் பார்த்துத்தான் கதவைத் திறக்கும். மின்னஞ்சலில் வந்த அந்தச் சொல்லை நான் நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஒரு காலி இடமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து! அழித்த அடுத்த நிமிடம் எஸ்டாப்ளிஷ்ட். அன்றிலிருந்து ரகசியச் சொல்லை நான் கையால்தான் தட்டுகிறேன்.

இன்னொன்று. தனிப்பாதை என்றால் பூட்டிய பாதை என்று விற்பனைக்காரர் சொல்வார். இல்லை. அதில் போகும் தரவு தானாகவே மறையாக்கம் செய்யப்படுவதில்லை. அதற்கு நீங்கள் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு மழைநாளில் சாலை அகலப்படுத்திய மண்வாரி இயந்திரம் எங்கள் ஃபைபரை அறுத்துவிட்டது. அறுந்தது நடுவழியில், எங்கள் முனையில் சேவை நிறுவனத்தின் சுவிட்ச் உயிரோடு இருந்ததால் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து 180 விநாடி சத்தமே வராத பிறகுதான் எங்கள் ரூட்டர் “சரி, செத்துவிட்டான்” என்று முடிவு கட்டி, மாற்றுப் பாதைக்குத் திரும்பியது. மூன்று நிமிடம். அதற்குள் கிடங்கில் ஸ்கேனர் பிடித்திருந்த பிள்ளைகள் எல்லோரும் என் மேசைக்கு வந்துவிட்டார்கள். பிஎஃப்டி என்ற நாடிபார்க்கும் வசதியைப் பிறகு போட்டோம். இப்போது ஒரு விநாடிக்குள் தெரிந்துவிடும். மாற்றுப் பாதையே இல்லாமல் ஒற்றைத் தனிப்பாதையை மட்டும் வாங்குபவர் இருந்ததைவிட மோசமான நிலைக்குத்தான் போகிறார். மைக்ரோசாப்ட் எக்ஸ்பிரஸ்ரூட்டை எப்போதும் இரட்டையாகவே தருவது சும்மா இல்லை.

எண் தகராறு ஒன்றும் வந்தது. எங்கள் கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கியது. அவர்களுக்கும் கிளவுட்டில் ஒரு தனி நெட்வொர்க். இரண்டையும் விபிசி பியரிங் (கிளவுட்டுக்குள்ளேயே இரண்டு தனி நெட்வொர்க்குக்கு நடுவே வைக்கும் கேட்) போட்டு இணைக்கச் சொன்னார்கள். இரண்டு பேரும் 10.0 என்று தொடங்கும் அதே முகவரிகளை வைத்திருந்தார்கள். உள்ளுக்குள் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கிய எண்கள் அவை, ஆகவே உலகத்தில் பாதிப்பேர் அதில்தான் இருக்கிறார்கள். முகவரி மோதினால் அந்தப் பியரிங் ஏறவே ஏறாது.

எனக்கு இது புதிதில்லை. எங்கள் தோட்டம் கைமாறி முதல் டிவிஷனையும் இரண்டாம் டிவிஷனையும் ஒன்றாக்கியபோது பதினான்காம் நம்பர் வீடு இரண்டு ஆனது. அப்பாவுக்கு வந்த சேமநிதிக் கடிதம் அந்தப் பதினான்குக்குப் போய், மூன்று மாதம் அவர்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பதினான்கு என்றுதானே எழுதியிருந்தது, கவர்மெண்டு கடிதம் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள். பிறகு கிராணி எங்கள் வீட்டை 114 ஆக்கினார். கிளவுட்டில் ஒரு தடவை கட்டிய நெட்வொர்க்கின் முதல் முகவரித் தொகுதியை மாற்ற முடியாது. ஆகவே புதிதாக ஒன்று கட்டி, 23 சர்வர்களை இரண்டு வார இறுதியில் குடிமாற்றினோம். புதியதற்கு 10.114 என்று வைத்தேன். ஏன் 114 என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

எங்கள் வேலி கேட் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. மூன்றாவது தோட்டத்து லாரிகள் அதைக் குறுக்குவழியாகக் கண்டுபிடித்துவிட்டன. ஒற்றையடிப் பாதை சேறானது. துரை வந்து சங்கிலி போட்டார். இதுவும் இணையத்தில் நடந்த கதைதான். 2015 ஜூன் 12 அன்று டெலிகோம் மலேசியா ஏறக்குறைய 179,000 பாதை அறிவிப்புகளைத் தவறுதலாக ஒரு பெரிய அமெரிக்க நெட்வொர்க்குக்கு அனுப்பிவிட்டது. அவர்களும் வடிகட்டாமல் வாங்கிக்கொண்டார்கள். உலகத்தின் இணையப் போக்குவரத்தில் ஒரு பகுதி நம் வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்து இரண்டு மணி நேரம் திணறியது. மன்னிப்பும் கேட்டார்கள். கேட் வைப்பதைவிட அதில் யார் போகலாம் என்று பட்டியல் வைப்பதுதான் பெரிய வேலை. பியரிங் எளிது, வடிகட்டிதான் கஷ்டம் என்று நாங்கள் சொல்வோம்.

பந்திங் வாசகருக்கு வருகிறேன். அவர் சொன்னது போல மண் நம்முடையதுதான். அமேசான் தன் மலேசிய மண்டலத்தை, அதாவது தரவு மையத் தொகுப்பை, 2024 ஆகஸ்டில் திறந்தது, 2038க்குள் 29.2 பில்லியன் ரிங்கிட் போடுவதாகச் சொன்னது. அதற்கு முன் நமக்கு மிக அருகில் இருந்தது 2010இல் திறந்த சிங்கப்பூர் மண்டலம். கூகள் தன் தரவு மையத்துக்கு எடுத்த இடம் சுங்கை பூலோ பக்கத்து எல்மினா. எல்மினா என்றால் இன்று தாமானும் பூங்காவும். எங்கள் வயதுக்காரர்களுக்கு அது தோட்டத்தின் பெயர். கூலாய் பக்கத்துச் செடெனாக்கும் அப்படியே. இவ்வளவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களோடு நம் சேவை நிறுவனங்கள் இதே நாட்டில் கைகுலுக்குகின்றனவா, குலுக்கினாலும் அந்தப் பாதையில் நம்மை அனுப்புகின்றனவா என்று யாராவது கேட்க வேண்டும். தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆணையம் சேவைத் தரத்தை அளக்கும்போது வேகத்தோடு இதையும் கேட்கட்டும்: பெரிய கிளவுட் ஒவ்வொன்றையும் வாடிக்கையாளரின் பொட்டலம் எந்த ஊரில் சந்திக்கிறது? ஊர் பெயரை வெளியிட்டால் போதும். வெட்கம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

என் பெரியம்மா இன்னும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். ஃபைபர் பெட்டி தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே பெரிய ரோட்டில் நிற்கிறது. உள்ளே போகும் சாலை கம்பெனி நிலம், நிர்வாகம் எழுதிக் கொடுத்தால்தான் கம்பி இழுப்பார்களாம். நிர்வாகத்தைக் கேட்டால் கோலாலம்பூர் ஹெட் ஆபீஸ் சொல்ல வேண்டுமாம். பெரியம்மாவின் பேரன் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் அனுப்புகிறான். சிக்னல் அங்கேதான் இரண்டு கோடு வரும். அவனுக்கு 8 மில்லிவிநாடியும் 93 மில்லிவிநாடியும் ஒன்றுதான். இந்தப் பத்தியை நான் நெட்வொர்க் ஆளாக எழுதவில்லை. தோட்டத்து நிர்வாகத்தார் யாராவது இந்தப் பத்திரிகையைப் படித்தால், அந்த ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக, கிளவுட் மெதுவாக இருக்கிறது என்று தவிக்கும் சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள், கிளினிக், டியூஷன் நடத்துபவர்கள் யாராக இருந்தாலும், தனிப்பாதைத் தாளில் கையெழுத்துப் போடும் முன் ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேல் தாமான் முன்வரிசைக்கு வாருங்கள். எந்தக் கடை என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வாசலில் செம்பனைக் குலை லாரி நிற்கும். வரும் முன் உங்கள் வீட்டு, கடை லைனிலேயே ட்ரேஸ்ரூட் ஓட்டிப் படமெடுத்துக் கொண்டுவாருங்கள். இங்கே வந்து ஓட்டினால் அண்ணனின் பாதைதான் தெரியும், உங்களுடையது தெரியாது. கணினியையும் கொண்டுவருவதானால் சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள். கடையில் மிச்சமிருக்கும் ஒரே பிளக்கில் அண்ணியின் ஐஸ் பெட்டி ஓடுகிறது, அதைக் கழற்ற விடமாட்டார்.

இப்படிக்கு,
ஒயர் வேலை பார்க்கும் வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்